ராகு காலமும் ஆயிரம் நிட் வெளிச்சமும்

மனித இனம் இதுவரை மூன்றே முறைதான் கண்ணைத் திறந்திருக்கிறது. முதல் முறை, நெருப்பைக் கண்டுபிடித்தபோது. இரண்டாவது முறை, கண்ணாடியைத் தேய்த்து வில்லையாக்கியபோது. மூன்றாவது முறை, திருச்சி உறையூரில் செம்பியன் தன் மடிக்கணினியின் உட்திரையை ஹெச்.டி.ஆர். வீடியோவுக்கு அளவுதிருத்தம் செய்த வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு.

இந்த வரலாற்றை எழுதியவனும் செம்பியன்தான். எழுதி, சட்டம் போட்டு, தன் கடைச் சுவரில் மாட்டியிருந்தான். அதற்குக் கீழே இன்னொரு சட்டம்: 'திரையை விரலால் தொடாதீர்.'

அவனுக்கு வயது இருபத்தாறு. கடையின் பெயர் 'மெய்யொளி காலிபரேஷன்'. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பட்டப்பகலிலும் இழுத்து மூடிய கறுப்புத் திரைச்சீலை. மடிக்கணினியைக் கொண்டுவருகிறவர்களை இந்தக் குகையில் உட்கார வைத்து, அவர்கள் கண்ணுக்கு ஏற்றபடி திரையைத் திருத்தித் தருவான். வேலை ஐந்து நிமிடம். உபதேசம் நாற்பது நிமிடம்.

அன்று உட்கார்ந்திருந்தவர் ஸ்டெல்லா டீச்சர். அவனுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர்.

"தம்பி, பேட்டரி சீக்கிரமா போயிடுது. கொஞ்சம் இருட்டா வச்சுக் குடேன்."

செம்பியன் சிரித்தான். "டீச்சர், இந்த வாரத்துல மட்டும் பேட்டரின்னு சொல்லிக்கிட்டு பதினாலு பேரு வந்தாச்சு. பதிமூணு பேரு வீட்டுல சார்ஜர் எந்நேரமும் சொருகியேதான் இருக்கு. பதினாலாவது ஆளு வக்கீலு, அவருகிட்ட நான் கேக்கல. நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. என்னத்தப் பாத்தீங்க?"

டீச்சர் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அதுல எப்படித்தாண்டா இவ்வளவு தெரியுது? இத்தனை வருஷமா அதே வீடியோதானே?" என்றார்.

"அதே வீடியோதான். இப்பப் பாருங்க, கேமரா இருக்கே, அது முப்பது வருஷமாவே எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. இருட்டுன்னு நாம நெனச்ச இடத்தையும் அது பதிஞ்சு வச்சிருச்சு. காட்டத்தான் திரைக்குத் தெம்பு இல்ல. இப்ப வர்ற மடிக்கணினியோட உட்திரைக்கு ஆயிரம் நிட் வெளிச்சம், நிட்டுன்னா வெளிச்சத்த அளக்குற கணக்கு. அதுக்கு மேல, நம்ம கண்ணு பாப்பா எவ்வளவு விரியுதுன்னு அதுவே பாத்து, எந்த இருட்ட எவ்வளவு தொறக்கணுமோ அவ்வளவு தொறந்து விடுது. இந்தக் குமிழ வலப்பக்கம் இழுத்தா உண்மை. இடப்பக்கம் இழுத்தா பழையபடி இருட்டு. வலப்பக்கம் போறவன் மனுஷன். இடப்பக்கம் போறவன் கோழை."

"நான் கோழைதான்" என்றார் டீச்சர். "மக கல்யாண வரவேற்புல கேக் வெட்டுறப்ப லைட்ட அணைச்சாங்க. அந்த இருட்டுல தூணுக்குப் பின்னால எங்க வீட்டுக்காரரு நின்னு அழுதுக்கிட்டு இருக்காருடா. கல்லு மாதிரி நின்னாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னு அவரு சாகுற வரைக்கும் நான் அவரைச் சொல்லிக்காட்டியிருக்கேன். பன்னெண்டு வருஷம். இப்ப அந்த எடம் வந்தாலே மூடியச் சாத்திடுறேன்."

"அப்ப சந்தோஷப்படணும் டீச்சர். உண்மை தெரிஞ்சிருச்சுல்ல?"

டீச்சர் அவனை ஒரு கணம் பார்த்தார். எட்டாம் வகுப்பில் விடை தப்பாக இருந்தும் கையைத் தூக்கிக்கொண்டிருந்த அதே பையன். "இருட்டாக்கிக் குடு" என்றார்.

ஆக்கிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, மூடியின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினான்: 'உரிமையாளரின் வேண்டுகோளுக்கிணங்க இருட்டாக்கப்பட்டது.' மஞ்சள் நிறம். ஆயிரம் அச்சடித்து வைத்திருந்தான், முந்நூறு தீர்ந்திருந்தது.

ஊர் அப்படி இருந்தது. மஞ்சள் நீராட்டு விழா வீடியோ ஒன்றின் பந்தல் மூலையைப் பார்த்து இரண்டு அண்ணன் தம்பிகள் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். ஒரு மணிவிழா வீடியோவின் படிக்கட்டு நிழலைப் பார்த்து ஒரு பங்காளிக் கூட்டமே வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறியது. மண்டபக்காரர்கள் தூணுக்குத் தூண் பின்பக்கம் குழல்விளக்கு போட்டார்கள். வீடியோக்காரர்கள் ரசீதில் 'நிழலில் தெரிபவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்தார்கள். செம்பியனுக்கு எல்லாமே வேடிக்கை. "எங்க வீட்டு வீடியோவ எவன் வேணும்னாலும் ஆயிரம் நிட்டுல பாக்கலாம். எங்க வீட்டுல இருட்டே கெடையாது" என்று டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

அவன் அப்படிச் சொல்லக் காரணம் அவனுடைய அப்பா.

அப்பா கனல்வேந்தன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயர் வேறு. அதைச் சொன்னால் கோபம் வரும். வீட்டிலும் மேடைத் தமிழ்தான். சாம்பாரில் உப்புக் குறைந்தால், "இவ்வுணவில் நீதி வழுவியிருக்கிறது" என்பார். அவருடைய திருமணம் முப்பத்தொரு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நடந்தது. ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். வேண்டுமென்றே வைத்த நேரம். ஐயர் இல்லை, ஹோமம் இல்லை, ஒரு பேச்சாளரும் இரண்டு மாலையும் மட்டும். அதற்குப் பிறகு அவர் ஏறிய மேடையிலெல்லாம் அந்தத் திருமணம் பேசியது. "ராகு என்னை என்ன செய்தான்? முப்பத்தொரு ஆண்டுகள்! மூச்சு முட்டியதா? மூக்கு ஒழுகியதா?"

இப்போது செம்பியனுக்கும் மிருதுளாவுக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். இருவரும் கல்லூரியிலிருந்தே பழக்கம். மிருதுளாவின் அப்பா மஸ்கட்டில் இருந்தார். முடிவெடுக்கும் அதிகாரம் அம்மா விசாலாட்சியிடம் இருந்தது. விசாலாட்சி பொன்மலைக்காரர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து போன வருடம்தான் ஓய்வுபெற்றார். சீட்டு இல்லாதவனை அவன் ஏறுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர்.

பேச வந்த அன்று அவர் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்: "சம்பந்தி, ஐயரு வேண்டாங்கிறீங்க, சரி. மந்திரம் வேண்டாங்கிறீங்க, அதுவும் சரி. ராகு காலத்துல மட்டும் வேண்டாம். என் தங்கச்சிக்கு அப்படித்தான் அவசரமா வச்சாங்க. மூணே மாசத்துல பொட்டியோட திரும்பி வந்துட்டா."

"அம்மையீர்! அது மாப்பிள்ளையின் குறை, ராகுவின் குறையன்று. என் வாழ்வே சான்று!"

"அஞ்சு மணிக்குத்தான் மாலை மாத்துனீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? பத்திரிகையில போட்டிருக்கும். ரயிலு கூட அட்டவணையில அஞ்சு மணின்னுதான் போட்டிருக்கும்."

கனல்வேந்தன் வாயைத் திறப்பதற்குள் செம்பியன் குதித்தான். "அத்தை, வீடியோவே இருக்கு. ஞாயித்துக்கெழமை வாங்க, எங்கிட்ட இருக்கிற திரையில போட்டுக் காட்டுறேன். மண்டபத்துல கொசு ஒக்காந்திருந்தாலும் எந்தக் கால மடக்கி ஒக்காந்திருக்குன்னு தெரியும்."

"அப்படின்னா சரி" என்றார் விசாலாட்சி. "டிக்கெட்டப் பாத்துட்டா நான் வழிவிட்டுருவேன். உண்மையிலயே ராகு காலத்துல மாலை மாத்தி முப்பத்தொரு வருஷம் நல்லா இருந்திருக்கீங்கன்னா, எம் பொண்ணுக்கும் அந்த நேரத்துலயே வையுங்க."

அன்று மாலை மிருதுளா போனில் சொன்னாள்: "உன் வாயி இருக்கே! அம்மா நம்புனா கல்யாணம். நம்பலன்னா, அப்பா மஸ்கட்டுல ஒரு பையன் பாத்து வச்சிருக்காரு, தெரியும்ல? அவன் பல்லு வேற நல்லா இருக்கு."

"என் திரை பொய் சொல்லாது மிரு."

"அதான் பயமா இருக்கு. நீ பேசாம இருந்திருக்கலாம்."

சனிக்கிழமை மத்தியானம் செம்பியன் வீட்டில் ஜன்னல்களை அடைத்தான். மடிக்கணினியை மேசையில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அளவுதிருத்தப் படம் வந்தது: கறுப்புக் குடையின் மேல் ஒரு காக்கை. காக்கையின் கண் தெரிய வேண்டும், இறகை எண்ண முடியக் கூடாது. அதுதான் சரியான அளவு. செம்பியன் இறகையும் எண்ணினான். பிறகு அப்பாவின் கல்யாணத்தைப் போட்டான்.

இதுவரை அந்த வீடியோவை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. மேடையில் இரண்டு நாற்காலிகளில் மணமக்கள். பேச்சாளர் புயலரசு ஒலிபெருக்கியை விழுங்கிவிடுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார். தொடக்கத்திலேயே அவர், "மணி பார்ப்பதுதான் மூடநம்பிக்கையின் முதல் படி! கடிகாரத்தைக் கழற்றுங்கள்! பையில் போடுங்கள்!" என்று முழங்க, முந்நூறு பேரும் கைதட்டிக் கழற்றினார்கள். இந்தப் பேச்சு குடும்பத்தில் ஒரு காவியம். முடிக்கச் சொல்லி மேடையிலிருந்து ஏழு துண்டுச் சீட்டு போயும் மனிதர் அசையவில்லை என்று அப்பா வருடாவருடம் சொல்லிச் சிரிப்பார்.

செம்பியன் குமிழை வலப்பக்கம் தள்ளினான். மண்டபம் மெல்லத் திறந்தது. பந்தலின் மடிப்பில் பல்லி. கடைசி வரிசையில் தூங்குகிறவர். வலதுபக்கத் தூணுக்கு மேல், இதுவரை வெறும் கறுப்பாக இருந்த இடத்தில், ஒரு வட்டம். சுவர்க் கடிகாரம். முள் ஐந்து ஐம்பதில் நின்றது.

நின்றுபோன கடிகாரம் என்று செம்பியன் நினைத்தான். அடுத்த காட்சியில் ஐந்து ஐம்பத்தெட்டு. அதற்கடுத்து ஆறு மூன்று. அப்போதுதான் புயலரசு கையை உயர்த்தினார்: "இதோ! மணி ஐந்து! ராகு காலத்தின் நெஞ்சில் ஏறி நின்று மணமக்கள் மாலை மாற்றுகிறார்கள்!" மாலை மாற்றினார்கள். தூணுக்கு மேல் கடிகாரம் ஆறு மூன்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

செம்பியன் பின்னால் ஓட்டினான். துண்டுச் சீட்டுகளைத் தேடினான். மணமகனின் நாற்காலிக்குப் பின்னே இருந்த நிழலில் ஒரு கை எழுதியது. மாப்பிள்ளையின் கைதான். மணமகள் குனிந்த தலையோடு தூணுக்கு மேலே ஓரக்கண்ணால் பார்த்து, முழங்கையால் அவரை இடித்தாள். சீட்டு ஒரு தொண்டர் வழியாகப் புயலரசுவிடம் போனது. அவர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தாளின் பின்பக்கம் வழியாக எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. தமிழாசிரியரின் அழகான கையெழுத்து: 'இன்னும் இருபது நிமிடம் பேசுக.'

செம்பியன் சமையலறைக்குப் போனான். அம்மா திலகவதி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க கல்யாணம் எத்தன மணிக்கு நடந்துச்சு?"

கத்தி ஒரு கணம் நின்றது. "பாத்துட்டியா?"

"ஆறு மூணு!"

"மூணா? நாலுன்னுல்ல நெனச்சேன்." மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். "எங்கப்பா மண்டபத்து மாடியில ஏறி நின்னுக்கிட்டாரு. ராகு காலத்துல மாலை விழுந்தா கீழ விழுந்துருவேன்னு. மொத மாடிதான். கால்தான் உடையும். ஆனா என்னால அங்க ஒக்கார முடியல. உங்கப்பா காதுல சொன்னேன். அவரு பேனாவ எடுத்தாரு."

"முப்பத்தொரு வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்காரு!"

"கொள்கைய அவரு விடலடா. நேரத்தத்தான் கொஞ்சம் தள்ளிவச்சாரு."

"இது வேற, அது வேறயா?"

"பொண்டாட்டிக்கு வேற வேறதான்." அம்மா வெண்டைக்காயை அள்ளிச் சட்டியில் போட்டாள். "அந்தம்மாகிட்ட நாளைக்கு இதைக் காட்டப் போறியா?"

"உண்மைன்னா உண்மைதாம்மா. கடையில இத்தன பேருகிட்ட..."

"காட்டு. காட்டுனா என்ன ஆகும்னு தெரியுமா? 'பொய் சொல்ற வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டேன்'னு அவங்க எந்திரிப்பாங்க. 'என் கல்யாணத்தப் பொய்யின்னு சொன்ன வீட்டுல சம்பந்தம் வேண்டாம்'னு உங்கப்பா எந்திரிப்பாரு. நடுவுல நீயும் உன் கம்ப்யூட்டரும் ஒக்காந்திருங்க. கல்யாணச் சாப்பாடு மஸ்கட்டுல."

"அப்பாகிட்ட எதுவும் சொல்லாதம்மா."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விசாலாட்சி வந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். மிருதுளா பின்னால் நின்று, அம்மா பார்க்காதபோது செம்பியனைப் பார்த்துக் கும்பிடு போட்டாள். கனல்வேந்தன் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மேடைக்குப் போகும் கோலம். செம்பியன் மேசை முன் உட்கார்ந்தான். இரவு முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான்: எதையும் மறைக்கப் போவதில்லை. கேட்டால் சொல்வது. உண்மைக்காகக் கல்யாணத்தை இழந்த முதல் காலிபரேஷன்காரன் என்று சுவரில் இன்னொரு சட்டம் மாட்டலாம். சொற்களைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டான்.

வீடியோ ஓடியது. குமிழ் வலப்பக்கக் கடைசியில் இருந்தது.

"அடேயப்பா!" என்றார் விசாலாட்சி. "மூணாவது வரிசையில இருக்கிற அம்மாவோட தோட்டுல கல்லு விழுந்திருக்கு. அதுகூடத் தெரியுதே!"

"என் மகனின் தொழில் நேர்மை, அம்மையீர்" என்றார் கனல்வேந்தன். "இருளுக்கு எதிரான போர். தந்தை மேடையில் செய்தான். தனயன் மேசையில் செய்கிறான்."

திலகவதி காப்பி டம்ளர்களை வைத்துவிட்டுத் தூரத்தில் போய் நின்றாள். திரையில் புயலரசு நெருங்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிடம். விசாலாட்சி கண்ணாடியைச் சரிசெய்து முன்னால் சாய்ந்தார். ஓடும் ரயிலில் பெட்டி பெட்டியாகப் பார்த்துப் பழகிய கண் இடமிருந்து வலமாக நகர்ந்தது. தூங்குகிறவர். பல்லி. தூண்.

"தூணுக்கு மேல வட்டமா ஏதோ தெரியுதே? என்ன தம்பி அது?"

கேட்டால் சொல்வது என்பதுதான் முடிவு. செம்பியன் வாயைத் திறந்தான். மிருதுளா தன் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு திரையைப் பார்க்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஸ்கட்டில் ஒருவனுக்குப் பல் நன்றாக இருந்தது.

"எதுத்த வீட்டு ஜன்னல் வெளிச்சம் திரையில விழுது அத்தை. ஒரு நிமிஷம்" என்றான். அவன் விரல் குமிழின் மேல் போயிற்று. போனது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. குமிழ் பாதி தூரம் இடப்பக்கம் வந்தது. மூன்றாவது வரிசையின் தோடு அணைந்தது. பல்லி அணைந்தது. வட்டம் சுவருக்குள் போய்விட்டது.

"மணி ஐந்து!" என்று புயலரசு முழங்கினார். "ராகு காலத்தின் நெஞ்சில் ஏறி நின்று..."

மாலை மாற்றினார்கள். பூக்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. இளைஞர் கனல்வேந்தன் சிரித்தார்; பக்கத்தில் திலகவதி அழுதுகொண்டே சிரித்தாள்.

விசாலாட்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணு மொகத்தப் பாருங்க, என்னா நிம்மதி! அந்த நேரத்துல இவ்வளவு தைரியமா ஒக்காந்திருக்குன்னா..." திலகவதியைத் திரும்பிப் பார்த்தார். "சரிங்க சம்பந்தி. வச்சுருங்க. ஞாயித்துக்கெழமை அஞ்சு மணிக்கே வச்சுருங்க. என் தங்கச்சி புருசன் மேலதான் கோளாறு போல."

மிருதுளா மூச்சு விட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

"பகுத்தறிவு வென்றது!" என்றார் கனல்வேந்தன். துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "ஆனால் அம்மையீர், சரியாக ஐந்துக்குத்தான் என்று... முன்னதாக நான்கைந்து பேச்சாளர்கள் வாழ்த்திப் பேச வேண்டியிருக்கும்."

"எத்தன பேரு வேணும்னாலும் பேசட்டும். அஞ்சு மணின்னா அஞ்சு மணி. என் வாட்ச்ச நானே பாத்துக்குவேன்."

கனல்வேந்தன் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். திரையில் வாழ்த்து வரிசை தொடங்கியது. விசாலாட்சிக்கு இப்போது வீடியோ பிடித்துவிட்டது. "ஓடட்டும் தம்பி, நிறுத்தாத. யாரு யாரு வந்திருக்காங்கன்னு பாப்போம்" என்று மறுபடி கண்ணாடியை மாட்டினார்.

வீடியோக்காரன் கேமராவைத் தோளிலிருந்து இறக்கிக் கூட்டத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினான். வாசல், பந்தி, தூண். இந்த முறை தூண் மிக அருகில் வந்தது. அதன் மேலே, பாதி இருட்டில், ஒரு வட்டத்தின் விளிம்பு சாம்பல் நிறத்தில் எழும்ப ஆரம்பித்தது. அதற்குள் இரண்டு கோடுகள்.

கனல்வேந்தன் காப்பி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். முகம் சம்பந்தியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தது. டம்ளருக்குப் பின்னாலிருந்து, உதடு அசையாமல், செம்பியன் பிறந்ததிலிருந்து கேட்டிராத சாதாரணக் குரலில் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் இழுடா."

செம்பியன் இழுத்தான்.